பழைய ஜீப்புக்குப் பவர் பிரேக்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது ஒரு மஹிந்திரா சி.ஜே.3பி. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு எம்.டி.ஐ. டீசல் ஏற்றிய வண்டி. அகல டயர், பின்னால் எட்டு பேர், போடிமெட்டு ஏற்ற இறக்கம் என்று அதற்கு ஓய்வே கிடையாது. பவர் பிரேக் போட்ட பிறகு, பானெட்டைத் திறந்தாலே யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து ஏதாவது கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். சுற்றிலும் டிரம் பிரேக்கோடு வந்து, பிறகு டயரோ இன்ஜினோ மாற்றப்பட்ட பழைய ஜீப்புகளுக்கே இவை பொருந்தும்.

பவர் பிரேக் போட்டா வண்டி டக்குனு நின்னுடுமா அண்ணே?

நிற்காது. பவர் பிரேக்கில் கூடுதலாக வரும் பாகம்தான் பூஸ்டர். அது செய்வது ஒரே வேலைதான்: உங்கள் கால் கொடுக்கும் அழுத்தத்தோடு தன் அழுத்தத்தையும் சேர்த்து மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தி அனுப்பும் உருளை) தள்ளுகிறது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். மிதிக்காதபோது அதன் இரு பக்கமும் வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். பெடலை மிதித்ததும் வால்வு திறந்து ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று உள்ளே பாயும், அந்தக் காற்றின் அழுத்தம்தான் ராடைத் தள்ளும்.

வண்டியை நிறுத்துவது சக்கரத்தில் இருக்கும் லைனரும் (பிரேக் ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) அது உரசும் டிரம்மும், கடைசியில் டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிப்பு. அங்கே கோளாறு இருந்தால் பூஸ்டர் அந்தக் கோளாறைத்தான் பலமாக அழுத்தும். ஒரு பக்கம் இழுக்கிற வண்டிக்குப் பூஸ்டர் போட்டால் இன்னும் வேகமாக அந்தப் பக்கம் இழுக்கும்.

எங்க அப்பா இருபது வருஷம் இதே பிரேக்லதான் மலை ஏறி இறங்குனாரு. இப்ப மட்டும் எதுக்கு மாத்தணும்?

அப்பா ஓட்டிய வண்டி வேறு, நீங்கள் ஓட்டுவது வேறு. அவர் வண்டியில் 6.00-16 டயர், ஏறக்குறைய 28.5 அங்குல உயரம். நீங்கள் 31 அங்குல டயர் போட்டிருக்கிறீர்கள். டிரம் அதே விசையோடு பிடித்தாலும், டயர் உயரமானதால் ரோட்டில் கிடைக்கும் நிறுத்தும் விசை 8 சதவீதம் குறைந்துவிடும். 33 அங்குலம் என்றால் 14 சதவீதம். டயரும் ரிம்மும் கூடுதல் எடை என்பதால் சுழற்சியை நிறுத்தவே தனியாக பலம் போகும்.

அடுத்தது வேகம். 60-ல் போன வண்டி இப்போது 90-ல் போகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 2.25 மடங்கு. அதோடு இரும்பு பம்பர், வின்ச், ரோல் கேஜ், மேலே கேரியர். அப்பாவின் பிரேக் அப்பாவின் வண்டிக்குப் போதுமானதாக இருந்தது. பழி அந்த பிரேக்கின் மேல் இல்லை.

சரி, நேரா பூஸ்டர் வாங்கிரலாமா? எதுல ஆரம்பிக்கிறது?

சக்கரத்தில் ஆரம்பித்துப் பெடலுக்கு வாருங்கள். பலரும் பெடலில் ஆரம்பித்துச் சக்கரத்துக்குப் போகாமலே நின்றுவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் ஒரு திட்டு நகத்தில் தட்டினால் டிரம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேத்தில் கடையலாம், ஆனால் டிரம்மில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிரம் மெல்லிசாகிச் சூட்டில் விரியும், பெடல் இறங்கிக்கொண்டே போகும். பின் சக்கர லைனரில் கறுப்பாக எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் அது பிரேக் ஆயிலா, அச்சு ஆயிலா என்று முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலின் கந்தக வாடை தனியாகத் தெரியும். அப்படியென்றால் ஆக்சில் சீலை மாற்றிய பிறகுதான் புது லைனர். எண்ணெய் குடித்த லைனரை பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அது இரண்டு நாள் தாங்கும், முதல் நீள இறக்கத்தில் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே வந்துவிடும்.

வில்லிஸ் (இந்த ஜீப்பின் மூல அமெரிக்கத் தயாரிப்பு) காலத்து 9 அங்குல டிரம்மே இன்னும் இருந்தால், பூஸ்டருக்கு முன் 11 அங்குல டிரம்முக்கு மாறுங்கள். பூஸ்டர் போட்ட 9 அங்குலத்தைவிட, பூஸ்டர் இல்லாத 11 அங்குலம் மலையில் நம்பிக்கையானது. சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு அதிகம், லைனரின் பரப்பும் அதிகம்.

ஒத்தை மாஸ்டர் சிலிண்டர் நல்லாத்தானே இருக்கு, அதையும் மாத்தணுமா?

மாற்றியே ஆக வேண்டும். பழைய மாஸ்டரில் ஒரே அறை, ஒரே குழாய், அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் கிளை. ஒரு வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை) ரப்பர் கப் கிழிந்தால், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால், நான்கு சக்கரத்தின் பிரேக்கும் ஒரே மிதியில் போய்விடும். இரட்டை அறை உள்ள டேண்டம் மாஸ்டரில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஒன்று போனாலும் பெடல் ஆழமாக இறங்கி மற்றது பிடிக்கும். வண்டி நீளமாக ஓடித்தான் நிற்கும், ஆனால் நிற்கும்.

காசு குறைவாக இருந்து பூஸ்டரா டேண்டம் மாஸ்டரா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் டேண்டம் மாஸ்டரைத்தான் சொல்வேன். கால் வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

டீசல் வண்டிக்கு வேக்கம் எங்கிருந்து வரும்?

பெட்ரோல் இன்ஜினில் காற்றுப் பாதையை அடைக்கும் தட்டு இருப்பதால் மேனிஃபோல்டிலேயே (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) வேக்கம் உண்டாகும். பழைய டீசலில் அந்தத் தட்டு இல்லை, ஆகவே வேக்கமும் இல்லை. மேனிஃபோல்டில் துளை போட்டுப் பூஸ்டர் ஹோஸை மாட்டிவிட்டு "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். தெரியாது, அங்கே இழுக்க எதுவும் இல்லை.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது பின்னால் வேக்கம் பம்ப் பொருத்திய ஆல்டர்னேட்டர். இதற்கு இன்ஜினிலிருந்து ஆயில் போக ஒரு மெல்லிய குழாய், ஆயில் திரும்பி வர ஒரு பெரிய குழாய் வேண்டும். திரும்பும் குழாய் கீழ்நோக்கியே சரிந்து வர வேண்டும், நடுவில் மேலே வளையக் கூடாது. வளைந்தால் பம்பில் ஆயில் தேங்கி, சீலைத் தள்ளிக்கொண்டு ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும். ஆயில் போகும் குழாய் உராய்ந்து ஓட்டையானால் நிமிடங்களில் இன்ஜின் ஆயில் காலியாகும். அதனால் அந்தக் குழாயைச் சேஸிஸில் கிளிப் போட்டு அசையாமல் கட்டுங்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜ், தண்ணீர் பம்ப் ஆகியவற்றோடு பூஸ்டரின் வேக்கமும் போய்விடும். சார்ஜ் விளக்கு எரிந்தால் இனி அது பிரேக் விளக்கும்தான். ஓரம் கட்டுங்கள்.

என்னோடது பெட்ரோல் ஹரிக்கேன் இன்ஜின். அப்ப எனக்குப் பிரச்சினை இல்லையா?

இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் இல்லை. ஐட்லிங்கில் வேக்கம் கேஜ் வைத்துப் பாருங்கள். பாதரச அளவில் 400 மில்லிமீட்டருக்கு மேல் நிலையாக நின்றால் போதும். தேய்ந்த இன்ஜினில் முள் ஆடும், அந்த வேக்கத்தை நம்பிப் பூஸ்டர் போட வேண்டாம். ஹோஸில் ஒருவழி வால்வு கட்டாயம், அதைத் தலைகீழாக மாட்டாதீர்கள். வாயால் ஊதிப் பார்த்தால் எந்தப் பக்கம் காற்று போகிறது என்று தெரிந்துவிடும். காற்று பூஸ்டரிலிருந்து இன்ஜின் பக்கம் மட்டுமே போக வேண்டும்.

எத்தனை இஞ்ச் பூஸ்டர் போடணும்? பெருசா இருந்தா நல்லதுதானே?

கணக்கு எளிது. 200 மில்லிமீட்டர், அதாவது 8 அங்குல பூஸ்டரின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 500 மில்லிமீட்டர் வேக்கம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.68 கிலோ. பெருக்கினால் 213 கிலோ தள்ளுவிசை. அதுதான் அந்தப் பூஸ்டர் கொடுக்கக்கூடிய அதிகபட்ச உதவி. 9 அங்குலத்துக்கு மாறினால் ஏறக்குறைய 270 கிலோ.

சி.ஜே. போன்ற எடை குறைந்த, குட்டையான வண்டிக்கு 8 அங்குலம் தாராளம். அதைவிடப் பெரிது போட்டால் கால் பட்டாலே சக்கரம் லாக் ஆகும், மழையில் அது ஆபத்து. 33 அங்குல டயரும் வின்ச்சும் உள்ள நீள வண்டிக்குத்தான் 9 அங்குலத்தையோ இரட்டை டயாஃப்ரமையோ யோசிக்கலாம். பானெட்டுக்குள் இடமும் பார்க்க வேண்டும். சி.ஜே.யில் வலதுபக்கம் ஸ்டீயரிங் ராடும் பூஸ்டரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

மாஸ்டர் சிலிண்டர் 1 இஞ்ச் வாங்கவா, 7/8 வாங்கவா?

சின்ன துவாரம் என்றால் அழுத்தம் அதிகம், பெடல் பயணமும் அதிகம். பெரிய துவாரம் என்றால் பெடல் மேலேயே பிடிக்கும், ஆனால் பலமாக மிதிக்க வேண்டும்.

பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் விகிதம் 6-க்கு 1 என்றும் காலின் விசை 30 கிலோ என்றும் வையுங்கள். மாஸ்டருக்கு 180 கிலோ போகும். 1 அங்குல மாஸ்டரில் அது சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம், 7/8 அங்குலத்தில் 46 கிலோ. பூஸ்டரோடு பெடல் விகிதத்தை 4-க்கு 1 ஆக்கினால் 120 கிலோவோடு மேலே சொன்ன 213 கிலோ சேர்ந்து 333 கிலோ. 1 அங்குல மாஸ்டரிலேயே 65 கிலோ அழுத்தம் வந்துவிடும். ஆகவே பூஸ்டர் இருந்தால் 1 அங்குலம் போடுங்கள். பூஸ்டர் இல்லாமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 7/8.

பெடல் வண்டித் தரைக்குக் கீழே இருக்கே, பூஸ்டரை எங்க மாட்டுறது?

மூன்று வழி. ஒன்று, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) துளை போட்டு மேலிருந்து தொங்கும் பெடல் செட்டுக்கு மாறுவது. அதிக வேலை, ஆனால் கடைசியில் இதுதான் நிம்மதி. ஃபயர்வால் தகடு மெல்லிசு என்பதால் உள்பக்கம் குறைந்தது 4 மில்லிமீட்டர் பிளேட்டை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். யாரையாவது பெடலை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லிவிட்டு வெளியே நின்று பாருங்கள். பூஸ்டர் முன்னால் நகர்ந்தால் அத்தனை பெடல் பயணமும் தகடு வளைவதில் வீணாகிறது.

இரண்டாவது, சேஸிஸிலேயே தரைக்கடியில் பூஸ்டரை மாட்டுவது. சேறும் தண்ணீரும் அங்கேதான் அடிக்கும், ஆயில் ஊற்றவும் தரைத்தகட்டைத் திறக்க வேண்டும். மூன்றாவது, பழைய மாஸ்டரை அப்படியே விட்டு, குழாயின் நடுவில் மாட்டும் ரிமோட் சர்வோ, அதாவது பெடலைவிட்டுத் தள்ளி நிற்கும் பூஸ்டர். பெடலைத் தொட வேண்டாம் என்பது வசதி. ஆனால் ஒற்றைக் குழாய் என்ற குறை அப்படியே நிற்கும் என்பதால் எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை.

முன்னாடி டிஸ்க் போட்டேன், பழைய மாஸ்டர்லயே கனெக்ஷன் கொடுத்தாச்சு. பெடல் கல்லு மாதிரி இருக்கு, வீல் வேற சூடாகுது. ஏன்?

இரண்டும் வேறு வேறு காரணம். டிரம்மில் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், பாதி வேலையை அதுவே செய்யும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, முழு அழுத்தமும் ஆயில் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் டிஸ்க் போட்டால் பூஸ்டரும் சேர்ந்தே வர வேண்டும்.

சூட்டுக்குக் காரணம், டிரம்முக்கான மாஸ்டரின் வாயில் இருக்கும் ஒரு சின்ன வால்வு. காலை எடுத்த பிறகும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.7 கிலோ அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிரம்மில் ஷூவின் ஸ்பிரிங் இழுப்பதால் பிரச்சினை இல்லை. காலிபரில் (பேட்டால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இழுக்க ஸ்பிரிங் இல்லை, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் பக்கத்து அறையில் இந்த வால்வு இருக்கக் கூடாது. ஆனால் மாஸ்டர் தரைக்கடியில், காலிபரைவிடத் தாழ்வாக இருந்தால், ஆயில் பின்னோக்கி வடிந்து முதல் மிதி வெறுமையாகும். அங்கே மட்டும் 0.14 கிலோ அளவுள்ள மெல்லிய வால்வு தனியாகப் போட வேண்டும்.

காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொலேரோ டிஸ்க்கையும் காலிபரையும் நம் முன் அச்சில் பொருத்த பிராக்கெட் செய்துதான் ஆக வேண்டும். கேஸ் கட்டிங்கில் வெட்டிய தகட்டை வாங்காதீர்கள். வெட்டிய ஓரம் கெட்டிப்பட்டு, அங்கேதான் விரிசல் விடும். மிஷினில் அறுத்துத் துளையிட்ட, விளிம்பு மழுங்கிய பிராக்கெட்டாக இருக்கட்டும். போல்ட் தலையில் 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். ரிம்மை மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, காலிபர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே வண்டியைத் தரையில் இறக்குங்கள்.

பின்னாடியும் டிஸ்க் போட்டா ஹேண்ட் பிரேக் போயிடுமே?

வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன் பின் அச்சுகளுக்குப் பலத்தைப் பிரிக்கும் கியர் பெட்டி) பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிரம்மில் இருக்கிறது. அந்த அமைப்பு உங்கள் வண்டியில் இன்னும் இருந்தால், பின்னால் டிஸ்க் போட்டாலும் ஹேண்ட் பிரேக் தப்பிக்கும்.

ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பிரேக் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வண்டி நகரும். பஞ்சர் பார்க்கும்போது எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. என் கருத்தில், பின் டிஸ்க் தேவையில்லை. முன்னால் டிஸ்க், பின்னால் 11 அங்குல டிரம், இது மலைக்குப் போதும்.

சடன் பிரேக் அடிச்சா பின் வீல் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்துது.

உடனே கவனிக்க வேண்டிய விஷயம். சி.ஜே.3பி-யின் முன் பின் சக்கர இடைவெளி வெறும் 80 அங்குலம். வண்டி உயரம். பிரேக் அடித்ததும் எடை முன்னால் பாயும், பின் சக்கரம் லேசாகிவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம். லேசான சக்கரத்துக்கு அதே அழுத்தம் போனால் அது லாக் ஆகும். பின் சக்கரம் லாக் ஆன குட்டை வண்டி குறுக்கே திரும்பத்தான் பார்க்கும்.

பின் சக்கரக் குழாயில் திருகி வைக்கும் புரொப்போர்ஷனிங் வால்வு ஒன்றைப் போட்டு, காலி மைதானத்தில், ஈரத் தரையில், மெதுவான வேகத்தில் சோதித்து, முன் சக்கரம் முதலில் லாக் ஆகும் வரை பின் அழுத்தத்தைக் குறையுங்கள். ஆள் ஏற்றியும் ஒரு முறை பாருங்கள். ஆனால் இதற்கு முன், முன் சக்கர லைனரில் எண்ணெய் இல்லை, அட்ஜஸ்ட்மெண்ட் சரி என்பதை உறுதி செய்யுங்கள். முன் பிரேக் பிடிக்காததால் பின் பிரேக் முந்துவதும் உண்டு. அதை வால்வால் மறைத்தால் இரண்டு பிரேக்கும் இல்லாத வண்டியாகிவிடும்.

காப்பர் பைப்ல பிரேக் லைன் இழுத்தா ஈஸியா வளையுதே, போட்டுக்கலாமா?

வேண்டாம். வெறும் தாமிரம் அதிர்வில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். இரும்பு பிரேக் குழாய், 4.75 மில்லிமீட்டர், வாய் இரட்டையாக மடித்த ஃப்ளேர். ஒற்றை மடிப்பு பிளந்துகொள்ளும்.

இதில் யாரும் சொல்லாத ஆபத்து மரை. பழைய ஜீப் குழாய் நட் பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. புதிய மாஸ்டரில் துளை எம்10, 1 மில்லிமீட்டர் மரை. 3/8 என்றால் 9.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் துளைக்குள் அது நுழையும், இரண்டு மூன்று சுற்றுப் போகும், இறுகியதுபோலவே கையில் தெரியும். ஒழுகவும் ஒழுகாமல் இருக்கலாம். ஒரு நாள் பலமாக மிதிக்கும்போது கழன்று வரும். கடையில் நட்டை வாங்கும்போதே மாஸ்டரையும் கையில் கொண்டுபோய், விரலால் கடைசி வரை ஆடாமல் திருகிப் பார்த்து வாங்குங்கள்.

ஏர் எடுத்து எடுத்துப் பாத்தாச்சு, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கு.

மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன், பெஞ்சு வைஸில் சமமாகப் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் குழாயை ஆயில் டப்பாவுக்கே திருப்பி, குமிழி நிற்கும் வரை மெல்லத் தள்ளினீர்களா? பலர் இதைச் செய்வதில்லை. மாஸ்டருக்குள் சிக்கிய காற்றைச் சக்கரம் வழியாக எடுப்பது பெரிய பாடு. பிறகு தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டியில் மாஸ்டர் வலதுபக்கம் என்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன்.

காலிபரை இடம் மாற்றி மாட்டியிருந்தால் காற்றெடுக்கும் நிப்பிள் கீழே வந்திருக்கும். நிப்பிள் மேலே இருந்தால்தான் காற்று வெளியேறும். அப்புறம் டிரம் அட்ஜஸ்ட்மெண்ட். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் இருந்தால் காற்றே இல்லாவிட்டாலும் பெடல் தாழ்ந்துதான் இருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் பிரேக் தானா பிடிச்சுக்குது. நிறுத்தி ஆறவிட்டா சரியாகிடுது. என்ன மாயம்?

மாயமில்லை, புஷ் ராட். என் வண்டிக்கே நடந்தது. ஒரு பட்டறையில் பூஸ்டர் போட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் போடிமெட்டிலிருந்து இறங்கினேன். 17 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதோ எட்டாவதோ தாண்டும்போது, காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தது. அடுத்த வளைவில் முன் சக்கரத்திலிருந்து வெந்த ரப்பர் நாற்றம். ஓரம் கட்டி இறங்கினேன். டிரம் மேல் தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றினால் வெடிக்கும். மாஸ்டரின் குழாய் நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விட்டுவிட்டது.

பூஸ்டரிலிருந்து மாஸ்டருக்குப் போகும் ராட் சற்று நீளமாக இருந்திருக்கிறது. பெடலைத் தொடாதபோதே பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியபடி நின்றது. மாஸ்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பிஸ்டன் அதை மூடிவிட்டது. ஆயில் சூடாகி விரிந்ததும் திரும்ப வழி இல்லாமல் பிரேக்கையே பிடித்தது. சூடு கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஆறினால் விட்டுவிடும்.

சரிபார்க்க ஒரு வழி: குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் மிளகளவு உருட்டி ராட் முனையில் ஒட்டி, மாஸ்டரை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். களிமண் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் நசுங்கியிருக்க வேண்டும். முழுதாகப் பிதுங்கி இரும்பு தெரிந்தால் ராட் நீளம். களிமண்ணில் தடமே விழாவிட்டால் ராட் குட்டை, பெடலில் வீண் பயணம் வரும்.

ஊட்டிக்குப் போனா மட்டும் பெடல் கனமாகுது. மெக்கானிக் பூஸ்டர் போச்சுன்றாரு.

பூஸ்டர் நன்றாகவே இருக்கலாம். முதல் கேள்வியில் சொன்னதுபோல் பூஸ்டரைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் ஏறக்குறைய 580. மேட்டுப்பாளையத்தில் 213 கிலோ தள்ளிய பூஸ்டர் ஊட்டியில் 160 கிலோவைச் சுற்றித்தான் தள்ளும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அப்படியே. இறக்கம் தொடங்கும் இடத்தில்தான் உதவி குறைவு என்பதை மனதில் வையுங்கள்.

பூஸ்டரைச் சோதிக்க: இன்ஜின் அணைத்து ஐந்தாறு முறை மிதித்து வேக்கத்தைத் தீருங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால், முதல் இரண்டு மிதியாவது லேசாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டயாஃப்ரமோ ஒருவழி வால்வோ கசிகிறது.

செங்குத்து இறக்கத்துல இன்ஜின் ஆஃப் ஆயிட்டா பிரேக் போயிடுமா?

போகாது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கத்தில் இரண்டு மூன்று மிதி கிடைக்கும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் கால் பலம் முழுதும் வேண்டும். பெடல் விகிதத்தை 4-க்கு 1 ஆகக் குறைத்திருப்பதால், பழைய பவர் இல்லாத பிரேக்கைவிடவும் கடினமாக இருக்கும். அதனால் இன்ஜின் நின்றால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக மிதித்து அப்படியே பிடியுங்கள். பாறை ஏறி இறங்குபவர்கள் வேக்கம் சேர்த்து வைக்கும் சின்ன டேங்க் ஒன்றையும் ஒருவழி வால்வோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கொழுக்குமலை மாதிரியான இறக்கத்தில் லோ கியரில் போட்டு இன்ஜினையே பிடிக்க விடுங்கள். எவ்வளவு நல்ல பிரேக்கும் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகித் தளரும். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்களுக்கு எந்தப் பூஸ்டரும் உதவாது.

பிரேக் ஆயில் எது ஊத்துறது? டாட் 5 தான் பெஸ்ட்னு சொல்றாங்களே?

டாட் 4. புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. டாட் 3-க்கு அது 205. ஈரம் உறிஞ்சிய பிறகு இரண்டும் 155, 140 என்று இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொல்கிறேன். டாட் 5 சிலிக்கோன், மற்றதோடு கலக்கக் கூடாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் எல்லா ரப்பர் கப்பும் ஊறி வீங்கிவிடும், அதன்பின் மாஸ்டர் முதல் ஹோஸ் வரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆத்துல இறக்குனா?

ஏறியதும் இடது காலால் லேசாகப் பிரேக்கை அழுத்தியபடி நூறு மீட்டர் ஓட்டுங்கள், லைனர் காயும். டிஸ்க் சீக்கிரம் காயும், டிரம்முக்கு நேரமாகும். சேற்றுத் தண்ணீர் என்றால் வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றிக் கழுவுங்கள். பூஸ்டருக்குக் காற்று உள்ளே போகும் இடம் பெடல் பக்கம் இருக்கிறது. தரைக்கடியில் மாட்டியவர்களுக்கு அது தண்ணீருக்குள் போகும்.

ஆர்.டி.ஓ.-ல பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிரேக் வேலைக்கும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பாகங்களின் பில்லை வைத்திருங்கள். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை எப்படியும் காட்ட வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிஞ்சுது. ரோட்டுல எடுக்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

நின்ற இடத்தில் இன்ஜின் ஓட, ஒருவர் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே தெரியாவிட்டால் மாஸ்டருக்குள். பிறகு காலி இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்துமுறை நிறுத்துங்கள். இறங்கி நான்கு டிரம்மின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முன் இரண்டும் ஒன்றுபோல, பின் இரண்டும் ஒன்றுபோலச் சூடாகியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தண்ணீர் சுர்ரென்று ஆவியானால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றில் அப்படியே நின்றால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை.

முதல் நூறு கிலோமீட்டருக்கு ஆள் ஏற்றாதீர்கள், மலைக்குப் போகாதீர்கள். அது முடிந்ததும் குழாய் நட், பிராக்கெட் போல்ட், வேக்கம் ஹோஸ் கிளிப் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அன்று இரவு நான்கு சக்கரத்துக்கும் மாஸ்டருக்கும் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் தாள் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே முதல் வேலை.